மேஸ்திரியின் வாய்

இந்த ஊர்ப் பாஷையில் மூட்டுக்காரி முதன்முதலாகக் கற்றுக்கொண்ட சொல் ‘பிடி’. கற்றுக்கொண்ட இடம் இறைச்சிக்கூடம். சொல்லிக்கொடுத்தது கத்தி தீட்டும் இரும்புக் கோல். கொக்கியில் தொங்கிய மாட்டின் பின்னங்காலைப் பிடிக்கச் சொல்லி மேஸ்திரி கத்தினான். அவளுக்குப் புரியவில்லை, அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோல் முழங்கையில் இறங்கியது. அடுத்த முறை அந்தச் சொல் காதில் விழுந்தபோது கை தானாகப் போய்ப் பிடித்தது. இப்படியாகப் பாடம் ஆரம்பமாயிற்று.

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கு ஒன்று உண்டு. அது இங்கே யார் வாயிலும் நுழையவில்லை, நுழைத்துப் பார்க்க யாரும் மெனக்கெடவும் இல்லை. எலும்பில் கத்தி படாமல் மூட்டைக் கண்டுபிடித்துப் பிரிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பதால் மூட்டுக்காரி என்றே கூப்பிட்டார்கள். கணவன் அதே கூடத்தின் குளிர் அறையில் சுமை தூக்கினான். பிழைக்க வந்தவர்கள் இருவரும். வீட்டுக்குள் அவர்களுடைய சொந்தப் பாஷை, வெளியில் ஊர்ப் பாஷை. வெளியில் என்றால் அவளுக்குக் கூடம் மட்டும்தான். கடையில் விரலை நீட்டினால் சாமான் வந்துவிடும். பக்கத்து வீட்டுப் பெண்களிடம் தலையை ஆட்டினால் போதும்.

வந்த புதிதில் மாதக்கணக்கில் அவள் வாயைத் திறக்கவில்லை. ஊமை என்றே பலர் நினைத்தார்கள். ஆனால் காது சும்மா இருக்கவில்லை. குனி, நகரு, வெட்டு, கழுவு, வாயை மூடு என்று ஒவ்வொன்றாக உள்ளே போய் உட்கார்ந்தது. மேஸ்திரி எதையும் வெறுமனே சொல்கிறவன் இல்லை. குனி நாயே, நகரு நாயே என்று எல்லாவற்றுக்கும் ஒரு வால் உண்டு. அவள் அதை வாலோடு சேர்த்தே விழுங்கினாள். வாலுக்குத் தனியாக ஓர் அர்த்தம் இருக்கிறது என்று தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. கூடத்து ரத்த வாடை மூக்குக்குப் பழகியது போல அந்தச் சொல்லும் காதுக்குப் பழகிவிட்டிருந்தது. மற்ற இடங்களில் தோலை உரித்துவிடுவேன் என்றால் அது மிரட்டல். அங்கே அது காலை வேலை.

ஒரே ஒரு நாள் மேஸ்திரி வாலில்லாமல் பேசினான். குளிர் அறையில் மேலே ஓடும் தண்டவாளம் முறிந்து, வரிசையாகத் தொங்கிய மாடுகள் அத்தனையும் அவள் கணவன் மேல் சரிந்த நாள் அது. விறைத்துப் போன மாடுகள். அடியில் கிடந்தவனை இழுத்தபோது விலா எலும்பு ஒன்றுகூட முழுதாக இல்லை. மேஸ்திரி அவளிடம் வந்து நின்றான்.

“உன் புருஷன் போயிட்டான். கத்தியைக் கீழ வை.”

‘நாயே’ இல்லை என்பதால் வேறு யாரிடமோ பேசுகிறான் என்று நினைத்து, அவள் கையிலிருந்த தொடையை மூட்டோடு பிரித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். அப்போதும் அவன் அங்கேயே நின்றான். சுற்றி இருந்தவர்கள் வேலையை நிறுத்தியிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் விஷயம் உறைத்தது.

அவர்களுடைய மகள் அப்போது நடை பழகும் குழந்தை. தூக்கி வைத்துக்கொண்டு சொந்தப் பாஷையில் கொஞ்சுவாள், தாலாட்டுவாள், செத்துப்போன அப்பனைப் பற்றிப் பேசுவாள். அந்தப் பாஷையில் அவளுக்கு வாய் தேன். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் மூட்டுக்காரியை உட்காரவைத்து, கையையும் காலையும் ஆட்டிப் பொறுமையாக விளக்கினார்.

“வீட்டுலயும் இந்த ஊர்ப் பாஷையே பேசுங்கம்மா. ரெண்டையும் போட்டுக் குழப்பினா பிள்ளை பின்தங்கிடும்.”

நல்ல மனுஷன்தான், நல்லதைத்தான் நினைத்துச் சொன்னார். அது தப்பு, வீட்டுப் பாஷையை விடவே கூடாது என்று இன்றைக்குப் படித்தவர்கள் சொல்கிறார்கள். அன்றைக்கும் படித்தவர்தான் சொன்னார். அவளுக்கு எங்கே தெரியும்? மகள் நன்றாக வரவேண்டும் என்று சொந்தப் பாஷையை அன்று மாலையே பூட்டிவிட்டாள். தாலாட்டும் அதோடு போயிற்று, மகளும் அந்தப் பாஷையைச் சீக்கிரமே மறந்துபோனாள். பிறகு வாயைத் திறந்து, தன்னிடம் இருந்த ஊர்ப் பாஷையை எடுத்து மகளுக்குக் கொடுத்தாள். இருந்தது ஒன்றுதான்.

“எந்திரி நாயே. கையைக் கழுவு. அசையாதே. வாயைத் திற, முழுங்கு.”

தலை வாரிவிடும் கை பஞ்சு மாதிரி இருக்கும். வாய் மட்டும் மேஸ்திரியின் வாய். காய்ச்சல் வந்தால் பக்கத்திலேயே கிடந்து, நெற்றியில் ஈரத்துணி போட்டு, “சாகாதே நாயே” என்பாள். அதில் அவள் வைத்திருந்த பாசம் ஒரு வண்டி. குழந்தைக்குக் கேட்டது சொல் மட்டும்தான். இந்த ஊர்ப் பாஷையே இப்படிக் கரடுமுரடு, பாவம் இந்த ஊர்க்காரர்கள் என்றுதான் மூட்டுக்காரி நினைத்துக்கொண்டிருந்தாள்.

மேஸ்திரியின் கதையும் ஒரு நாள் முடிந்தது. புதிதாக வந்த ஒரு தோல் உரிப்பவன், கோலால் முகத்தில் வாங்கிக்கொண்ட கையோடு, கத்தியை அவன் விலாவுக்குக் கீழே செருகிவிட்டான். கழுவுகிற தண்ணீரோடு தண்ணீராக மேஸ்திரியின் ரத்தமும் சாக்கடைக்குப் போயிற்று. ஆள் பிழைத்துக்கொண்டான், ஆனால் திரும்பி வரவில்லை. முதலாளி யோசிக்கவே இல்லை, கோலைத் தூக்கி மூட்டுக்காரியிடம் கொடுத்தார். வாய் ஏற்கெனவே தயாராக இருந்தது. அந்தக் கோலால் அவளும் அடித்தாள். மறைக்க என்ன இருக்கிறது? பிடி என்றால் புரியாமல் பார்க்கிறவர்களை வேறு எப்படிப் புரியவைப்பது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மகள் வளர்ந்தாள். வெளியில் அவள் பேசுகிற ஊர்ப் பாஷை உருண்டு திரண்டு அழகாக இருக்கும். வீட்டில் சரி, ம், வரேன், அவ்வளவுதான். கூடத்துக்குக் குளிர் லாரி ஓட்டி வரும் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். ஆள் பார்க்க லட்சணம், குரலை உயர்த்தவே மாட்டான். “அத்தை, சாப்பிட்டீங்களா?” என்று வழியில் பார்த்தாலும் நின்று கேட்பான். தெருவே அவனை மெச்சியது.

ஒரு தடவை மூட்டுக்காரி மகள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தாள். மகள் பரிமாறும்போது கரண்டி மேசையில் தட்டிக் குழம்பு சிந்தியது. மருமகன் சிரித்த முகம் மாறாமல், மெல்லிய குரலில், “கையை எடு நாயே. அடுத்த தடவை விரலை ஒடிச்சிடுவேன்” என்றான். மகள் தட்டைப் பார்க்கவில்லை, அவனைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள். மூட்டுக்காரி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உப்புக் கொஞ்சம் தூக்கல் என்று தோன்றியது. மகள் ஏன் தன்னையே பார்க்கிறாள் என்று விளங்காமல், “நீயும் உக்காரு நாயே, ஆறிடும்” என்றாள்.

அடுத்த மழைக்காலத்தில் மகளின் தாடையை அவன் உடைத்தான். கதவில் மோதி, பிறகு தரையில் மோதி, பிறகு லாரிச் சக்கரம் கழற்றும் சாவியால் ஓர் அடி. ஆஸ்பத்திரியில் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டினார்கள். ஒரு கண் மூடியிருந்தது. கழுத்தில் அவன் விரல் தடம் தனித்தனியாகத் தெரிந்தது. கூடத்தில் எவ்வளவோ உடைந்ததைப் பார்த்தவள் மூட்டுக்காரி. இதைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு போலீஸ்காரம்மா வந்து அவளைத் தனியாக விசாரித்தாள்.

“உங்க மாப்பிள்ளை உங்க பொண்ணை மோசமாப் பேசி எப்பவாவது கேட்டிருக்கீங்களா?”

“இல்ல. நல்லாத்தான் பேசுவான்.”

“நல்லான்னா எப்படி? கேட்டதை அப்படியே சொல்லுங்கம்மா.”

“உக்காரு நாயே. வாயை மூடு நாயே. விரலை ஒடிச்சிடுவேன். அப்படித்தான், சாதாரணமா.”

தட்டச்சு செய்துகொண்டிருந்த கை நின்றது. போலீஸ்காரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பொய் சொல்கிறாளா என்று பார்த்தாள். இல்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அம்மா, இதைப் போய் நல்லாப் பேசுறதுன்னு சொல்றீங்க?”

“எல்லாரும் அப்படித்தானே பேசுறாங்க.”

“எல்லாரும்னா யாரு?”

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். மேஸ்திரி ஞாபகத்துக்கு வந்தான். அடுத்து அவளே வந்தாள். மருமகனைத் தள்ளிவிட்டு மூன்றாவதாக ஓர் ஆள் வருவதற்காக வெகுநேரம் காத்திருந்தாள். வரவில்லை. எதிரில் இருந்தவள் இவ்வளவு நேரம் ஊர்ப் பாஷையில்தான் பேசிக்கொண்டிருந்தாள், அதில் ஒரு நாய்கூட இல்லை என்பது அப்போதுதான் அவள் காதில் ஏறியது.

வார்டுக்குத் திரும்பியபோது மகள் கட்டிய பல்லுக்கு இடையில் பேசினாள். ஒவ்வொரு சொல்லும் நசுங்கி வந்தது.

“நான் அங்கயே போயிடறேன்மா.”

“கொன்னுடுவான்.”

“அங்கயும் அதே பேச்சு, உன்கிட்டயும் அதே பேச்சு. அங்கயாவது என் அடுப்பு, என் படுக்கை.”

கோலடி, மாட்டு உதை, கத்திக் கீறல் என்று அவள் உடம்பு வாங்காததில்லை. எதுவும் இப்படி விழுந்ததில்லை. கடைசியில் டாக்டர்தான் கைகொடுத்தார். கம்பி கழற்றும் வரைக்கும் நீராகாரம்தான், பக்கத்தில் ஆள் வேண்டும் என்றார். அதுவரைக்கும் வந்து இருக்கிறேன், அப்புறம் போய்விடுவேன் என்று மகள் ஒத்துக்கொண்டாள். லாரிக்காரனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆக மூட்டுக்காரிக்கு இருந்த அவகாசம் ஒரு தாடை எலும்பு கூடுகிற நேரம். அதற்குள் வாயை மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் மகள் போய்விடுவாள், அடுத்த தடவை ஆஸ்பத்திரி வரைக்கும் வரமாட்டாள்.

தொழிற்சங்கக் கட்டிடத்தில் பிழைக்க வந்தவர்களுக்காக மாலையில் ஊர்ப் பாஷை வகுப்பு நடந்தது. நாள்பட்ட இருமலோடு ஒரு டீச்சரம்மா எடுத்தாள். முதல் நாளே எல்லோரையும் எழுப்பினாள்.

“வீட்டுக்கு ஒருத்தர் வந்திருக்காங்க. உக்காரச் சொல்லுங்க பார்ப்போம்.”

ஓட்டல் வாசலில் கதவு திறந்துவிடும் பெரியவர் இடுப்பை வளைத்து, “ஐயா, தங்களுக்காக இருக்கை காத்திருக்கிறது” என்றார். ஆஸ்பத்திரி துப்புரவுக்காரி, “உக்காருங்க, சட்டையைக் கழட்டுங்க” என்றாள். வகுப்பு சிரித்தது. சிறையில் இந்தப் பாஷையைக் கற்றவன் ஒருவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எழுந்து நின்றான், ஒன்றும் சொல்லவில்லை. அங்கே அவனை யாரும் உட்காரச் சொன்னதில்லை. மூட்டுக்காரி முறை வந்தது.

“உக்காரு நாயே.”

இந்தத் தடவை சிரிப்பு பாதியில் நின்றது. டீச்சரம்மா திட்டவில்லை. இருமி முடித்துவிட்டுப் பலகையில் சாய்ந்துகொண்டாள்.

“பாஷை தனியா வராதும்மா. யாருகிட்ட கேட்டோமோ அந்த ஆளோட சேர்ந்துதான் வரும். குழந்தைக்கும் அப்படித்தான், நமக்கும் அப்படித்தான். நீங்க தப்பாப் பேசல. உங்களுக்கு எது காதுல விழுந்துச்சோ அதைச் சரியாத்தான் பேசுறீங்க.”

“மாத்த முடியுமா?”

“முடியும். புதுசா கேக்கணும், நிறையக் கேக்கணும், சொல்லிச் சொல்லிப் பழகணும். ஆனா ஒண்ணு. கோபம் வந்தாலோ பயம் வந்தாலோ பழசுதான் முந்திக்கிட்டு வரும். அதுக்குத் தயாரா இருங்க.”

மூட்டுக்காரி பழகினாள். கூடத்தில் கொக்கியில் தொங்கும் மாடுகளிடம், “தயவுசெய்து உக்காருங்க. வலிக்குதா? மெதுவா” என்று சொல்லிக்கொண்டே மூட்டைப் பிரித்தாள். கூட வேலை செய்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழவிக்கு மூளை கலங்கிவிட்டது, கையில் கத்தி வேறு இருக்கிறது என்று தள்ளி நின்றார்கள். வீட்டுக்குள் நுழைந்தால் மட்டும் அந்த வாக்கியம் எதுவும் வாய்க்கு வராது. பெற்ற மகளிடம் தயவுசெய்து என்று எப்படிச் சொல்வது? ‘நாயே’ வந்துவிடுமோ என்ற பயத்தில் அவள் பேசாமலே இருந்தாள். நீர்த்த சூப்பை உறிஞ்சுகுழலோடு நீட்டுவாள், தலையணையை ஏற்றிவைப்பாள். வந்த புதிதில் ஊமையாக இருந்தவள் மறுபடியும் ஊமையானாள். அம்மா கோபமாக இருக்கிறாள் என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

கம்பி கழற்றுவதற்கு முந்தின நாள் முற்பகலில் லாரிக்காரன் வந்தான். தலை வாரி, துவைத்த சட்டை போட்டு, மகளுடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தான்.

“அத்தை, தப்பு என்மேலதான். கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்.”

மகள் ஏற்கெனவே பையை எடுத்துக்கொண்டிருந்தாள். மூட்டுக்காரி வாசலை மறித்து நின்றாள்.

“அவ இங்க இருக்கட்டும்.”

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே அவள் தலையைப் பிடித்து நிலைக்கட்டையில் மோதினான். மூன்று எட்டில் உள்ளே போய் மகளின் கூந்தலைச் சுருட்டிப் பிடித்து, “நட நாயே” என்று இழுத்தான். கட்டிய பல்லுக்குள்ளிருந்து மகள் போட்ட சத்தத்துக்குச் சொல் கிடையாது.

மூட்டுக்காரியின் கண்ணில் ரத்தம் வழிந்தது. கூடத்து வேலை முடிந்து வந்தால் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவைக்கும் இரும்புக் கோல் கைக்கு வந்தது. முதல் அடி மணிக்கட்டில். கூந்தல் விடுபட்டது. அவன் நாற்காலியைத் தூக்கி அவள் முகத்தில் அடித்தான். நாற்காலிக் கால் முறிந்தது, அவளுடைய முன்பல் ஒன்றும் போயிற்று. அவள் விழவில்லை. மூட்டு எங்கே இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முழங்கையில் ஒன்று, அது எதிர்ப்பக்கம் மடங்கியது. முழங்காலின் பக்கவாட்டில் ஒன்று. அவன் அலறினான், அந்த நிலையிலும் இடது கையால் அவள் குரல்வளையைப் பிடிக்கப் பாய்ந்தான். அப்போது அவள் அடிவயிற்றிலிருந்து அது வந்தது.

“அசையாதே நாயே. கையைக் கீழ போடு. முட்டி போடு.”

மேஸ்திரியே வந்து நின்று கத்தின மாதிரி இருந்தது. தெருக்கோடி வரைக்கும் கேட்டது. லாரிக்காரன் முட்டி போட்டான். அவளுக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி, அதை மறைப்பானேன். இந்தப் பாஷை எதற்காக உண்டானதோ அதற்கு முதன்முதலாகப் பயன்பட்டது என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

மகளும் முட்டி போட்டிருந்தாள். சுவரோரமாக, கையைத் தொங்கவிட்டு, அசையாமல். அவன் வலியில் முனகிக்கொண்டாவது இருந்தான். அவள் மூச்சைக்கூட வெளியில் விடவில்லை.

அக்கம்பக்கத்தார் வந்து அவனை அமுக்கிப் பிடித்தார்கள். அதே போலீஸ்காரம்மா வந்து கூட்டிக்கொண்டு போனாள். கூட்டம் கலைந்தது. மகள் அப்போதும் எழுந்திருக்கவில்லை. மூட்டுக்காரி கோலைக் கீழே போட்டாள். அந்தச் சத்தத்துக்கு மகளின் தோள் துள்ளியது.

ஏதாவது சொல்லியாக வேண்டும். வகுப்பில் பழகியது அத்தனையும் பறந்துவிட்டிருந்தது. எத்தனையோ வருஷமாகப் பூட்டிவைத்த சொந்தப் பாஷைதான் முதலில் வந்தது. ராசாத்தி, எழுந்திரு, ஒன்றுமில்லை கண்ணே என்றாள். மகள் புரியாமல் அவள் வாயையே பார்த்தாள். கொக்கிக்குக் கீழே நின்று மூட்டுக்காரி அன்று மேஸ்திரியின் வாயைப் பார்த்த பார்வை அது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாயில் ஊறிய ரத்தத்தை விழுங்கிவிட்டு, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள்.

“தயவுசெய்து உக்காருங்க. உங்களுக்கு வலிக்குதா?”

வீட்டுக்கு வந்த அந்நியரிடம் பேசுகிற பேச்சு. பெற்ற மகளிடம் சொல்கிற பேச்சா அது? ஆனால் அவளிடம் வேறு இல்லை. மகள் அந்த இரண்டு வாக்கியத்தையும் கேட்டாள். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து கட்டிலில் உட்கார்ந்தாள், பக்கத்தில் இடம் விட்டு.

“வலிக்குது” என்றாள் கம்பிக்குள்ளிருந்து. “நீங்களும் உக்காருங்கம்மா.”

மூட்டுக்காரி உட்கார்ந்தாள். மகளுடைய பை வாசலிலேயே கிடந்தது, அன்றைக்கு அதை யாரும் எடுக்கவில்லை.